உங்களுக்குத் தெரியுமா? 35 நாளில் ஒரு ‘ஜக்கால்’!

‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ நாவலை எழுதி முடிக்க ஃப்ரெடரிக் ஃபோர்ஸைத்துக்கு எத்தனை நாள் ஆனது தெரியுமா? வெறும் 35 நாள்!

வேலை இல்லை. கையில் காசும் இல்லை. படுக்கை, நண்பர் வீட்டு சோபா. 1970 ஜனவரியில் டைப்ரைட்டரைத் தட்ட ஆரம்பித்தார். அதற்கு முன் அவர் ஒரு நாவல்கூட எழுதியதில்லை!

அந்த டைப்ரைட்டரும் லேசுப்பட்டதல்ல. நைஜீரியாவின் பயாஃப்ரா யுத்தத்துக்கு அவர் நிருபராகப் போனபோது கூடவே போனது. அதன் மூடியில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த வடு!

பிரெஞ்சுத் தலைவர் த கோலைக் கொல்ல, ‘ஜக்கால்’ என்ற கூலிக் கொலையாளியை வைத்துச் சதி. இதுதான் கதை. “அவர்தான் உயிரோடு இருக்கிறாரே, அப்புறம் என்ன சஸ்பென்ஸ்?” என்று கைவிரித்த பதிப்பகங்கள் நான்கு!

1971-ல் ஹட்சின்சன் பதிப்பகம் துணிந்தது. முதல் பதிப்பு 8,000 பிரதிகள்தான். ஃபோர்ஸைத்தின் புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து இதுவரை விற்றது எவ்வளவு? 7 கோடிக்கும் மேல்!

முடிவு முன்கூட்டியே தெரிந்த கதை. ஆனாலும் கடைசி அத்தியாயத்தில் ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு முட்டுகிறது. இதைச் செய்துகாட்டிய வேறு த்ரில்லர் எழுத்தாளர் யார், சொல்லுங்கள் பார்ப்போம்!

நாவலில் ஒரு காட்சி. ஒரு முலாம்பழம். அதில் பெயிண்டால் மனித முகம். வலைப்பையில் போட்டு, ஆர்டென் காட்டு மரமொன்றில் தொங்கவிடுகிறான் ஜக்கால். தூரமாய்ப் போய்ப் படுத்துக்கொள்கிறான். சுடுகிறான். டெலஸ்கோப்பின் திருகைத் துளித்துளியாய்த் திருப்புகிறான். மறுபடி சுடுகிறான். கடைசியாகப் பாதரசக் குண்டு. பழம் இருந்த இடமே தெரியவில்லை! துப்பாக்கி எங்கே ஒளிந்து பயணம் செய்யும் தெரியுமா? ஊன்றுகோலுக்குள்!

இத்தனையும் செய்த கொலையாளியின் நிஜப் பெயர் என்ன? கடைசி வரி வரை ஃபோர்ஸைத் சொல்லவே இல்லை!

கல்லறையில் ஒரு குழந்தையின் பெயரைத் தேடிப்பிடித்து, அந்தப் பெயரில் பாஸ்போர்ட் வாங்குவான் ஜக்கால். நிஜத்திலும் இதே பாணியில், பிரிட்டிஷ் ரகசியப் போலீஸாரே இறந்த குழந்தைகளின் பெயரில் மாறுவேடம் போட்டார்கள். அந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர், ‘ஜக்கால் ரன்’!

அடுத்த நாவல் ‘தி ஒடெஸ்ஸா ஃபைல்’. அதில் வரும் நாஜி வில்லன் எட்வர்ட் ரோஷ்மன் கற்பனை ஆள் இல்லை. அசல் போர்க் குற்றவாளி! நாவலும் சினிமாவும் அவர் பெயரை உலகமெங்கும் கொண்டுபோயின. 1977-ல் அர்ஜென்டினாவில் மாட்டவிருந்தார். பராகுவேக்கு ஓடினார். அதே வருடம் அங்கேயே செத்தார்!

‘தி டாக்ஸ் ஆஃப் வார்’ நாவலுக்காக ஹாம்பர்க் ஆயுத வியாபாரிகளிடம் பெயரை மாற்றிக்கொண்டு நுழைந்தார் ஃபோர்ஸைத். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒருநாள் அந்த வியாபாரிகளில் ஒருவர் ஒரு புத்தகக் கடையைக் கடந்துபோனார். கண்ணாடிக்குப் பின்னால் ‘ஜக்கால்’ ஜெர்மன் பதிப்பு. பின்னட்டையில் சிரித்த முகமாய் ஃபோர்ஸைத்! ஹோட்டலுக்குப் போன் வந்தது, உடனே ஓடு என்று. பாஸ்போர்ட்டையும் பணத்தையும் மட்டும் அள்ளிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். கிளம்பிக்கொண்டிருந்த ரயிலில் தாவினார். தப்பித்தார்!

1964 ஏப்ரல், கிழக்கு பெர்லின். நள்ளிரவில் சோவியத் டாங்கிகள் வரிசையாக நகர்வதைப் பார்த்துச் செய்தி அனுப்பிவிட்டார் நிருபர் ஃபோர்ஸைத். மேற்கு நாடுகள் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தன. விஷயம் என்ன? மே தின அணிவகுப்புக்கு ஒத்திகை!

உளவாளிகளைப் பற்றி எழுதியவர், தானே பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்ஐ6-க்கு வேலை செய்தார். 2015-ல் அவரே ஒப்புக்கொண்டார். ஓரிரு மாதமா? 20 வருடத்துக்கும் மேல்!

19 வயதிலேயே போர் விமானம் ஓட்டியவர். அவர் ஓட்டிய ‘வேம்பயர்’ ரக விமானம்தான் ‘தி ஷெப்பர்ட்’ குறுநாவலில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவுப் பனிமூட்டத்தில் வழி தெரியாமல் தவிக்கிறது. மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக எழுதிய கதை அது. கனடாவின் சிபிசி வானொலி அதைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் வாசித்து ஒலிபரப்புகிறது. எப்போதிலிருந்து? 1979-லிருந்து!