பர்கூர் மாட்டுக்கு வேண்டியது மேய்ச்சல் உரிமை

ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலை. அங்கே வளரும் செவலை மாட்டை உடம்பில் தெறித்த வெள்ளைத் திட்டை வைத்தே சந்தையில் அடையாளம் காண்பார்கள். அது தொழுவத்து மாடல்ல. காட்டில் பட்டி போட்டு அடைத்து, காலையில் திறந்துவிட்டால் மேய்ந்து திரும்பும். பால் கொஞ்சம்தான். மந்தைக்காரருக்குக் காசு வருவது காளைக் கன்று விற்றும், பட்டியில் சேரும் எருவை விற்றும்தான்.

நாட்டு இனங்களைக் காக்க அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மத்திய அரசின் ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் 2014 முதல் நடக்கிறது. பர்கூரிலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சினை ஊசியும் தடுப்பூசியும் கிடைக்கின்றன. ஆனால் தீவனத்தை விலைக்கு வாங்கிப் போட்டு இந்த மாட்டை வளர்த்தால் கட்டுப்படியாகாது. காடு அடைபட்டால் மந்தை விற்பனைக்குப் போய்விடும்; மந்தை போனபின் உறைவிந்தை மட்டும் பாதுகாத்து யாருக்கு என்ன பயன்?

ஆபத்து இரண்டு கட்டமாக வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அதைத் தளர்த்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்றாக்கியது. பர்கூர்க்காரர்கள் மூச்சு விட்டார்கள். 2024-இல் அந்தியூர், கோபிச்செட்டிபாளையம் வட்டங்களின் ஏறத்தாழ 80,000 ஹெக்டேர் காடு தந்தை பெரியார் வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தளர்த்தியதால் கிடைத்த ஆறுதல் அத்தோடு போயிற்று.

‘சரணாலயம் ஆனதும் உரிமை போச்சு’ என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(ஈ) பிரிவு மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஏற்கிறது. ‘வன நிலம்’ என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையில் சரணாலயமும் அடக்கம். தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் இச்சட்டப்படி பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. பல மலைக் கிராமங்களுக்கு இந்தச் சட்டம் சரியாகத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இதைச் சொல்வதால் நீதிமன்ற ஆணையை மீறி மாட்டை ஓட்டிப் போகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுத்தில் அங்கீகாரம் பெற்ற உரிமை கையில் இருந்தால்தான் வனத்துறையிடமும் நீதிமன்றத்திலும் வாதாட முடியும்.

மனு தொடங்கும் இடம் கிராம சபை. சமூக உரிமைக்குரியது பி படிவம். சோளகர் போன்ற பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்து காட்டை நம்பியிருந்தால் போதும். லிங்காயத்து உள்ளிட்ட மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் வசித்ததைக் காட்ட வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் பயந்து பின்வாங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் பத்திரம் தேவையில்லை. வனத்துறை முன்பு கொடுத்த மேய்ச்சல் சீட்டு, பழைய அரசு ஆவணம், பட்டி இருந்த இடத்தின் அடையாளம், மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவரின் எழுத்துபூர்வ வாக்குமூலம் எல்லாம் சான்றுதான். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று இருக்க வேண்டும். பெட்டியடியில் கிடக்கும் தாத்தா காலத்து ரசீதைத் தேடி எடுங்கள். இன்றைக்கு அதற்கு மதிப்பு அதிகம்.

கிராம சபைத் தீர்மானம் கோட்ட அளவிலான குழுவுக்கும், பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 60 நாளுக்குள் மேல் குழுவிடம் முறையிடலாம். மனுவைச் சரிபார்த்து முடிக்கும்வரை வெளியேற்றக் கூடாது என்கிறது 4(5) பிரிவு. மாட்டைப் பிடித்து அபராதம் கேட்டால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று குறித்த ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வனத்துறையின் கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. கோமாரி போன்ற நோய் மாட்டிலிருந்து காட்டு விலங்குக்குப் பரவும். அளவுக்கு மீறிய மந்தை புல்லை அழிக்கும். எந்தப் பட்டியில் எத்தனை மாடு, எந்த மாதத்தில் எந்தப் பக்கம் மேய்ச்சல், தடுப்பூசி போட்ட தேதி எது என்பதைக் கிராம சபைத் தீர்மானத்திலேயே எழுதி இணையுங்கள். விசாரணையில் முதல் ஆட்சேபம் வனத்துறையிடமிருந்துதான் வரும்.