அட்டை மறைப்புக்குப் பின்னால்

விடிகாலை ஐந்தரை மணி. தம்மம்பட்டியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. கரும்பலகையில் பெருக்கல் கணக்கு அழியாமல் கிடக்கிறது. அதற்குக் கீழேதான் எங்கள் பூத். 2022 பிப்ரவரி 19, பேரூராட்சித் தேர்தல். வெளியூரிலிருந்து டியூட்டிக்கு வந்த டீச்சர் நான். ராத்திரி முழுக்கக் கொசு. ஆனால் தூக்கமே வரவில்லை என்பதற்குக் காரணம் கொசு இல்லை, குதூகலம்!

ஓட்டுப் போட வருகிறவர்கள் பார்க்காத காட்சி இனிமேல்தான். மாதிரி வாக்குப்பதிவு. வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகள் ஒவ்வொருவராக இயந்திரத்தின் பட்டனை அழுத்துகிறார்கள். மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊராயிற்றே, ஒருவர் சட்டையில் மரத்தூளோடு வந்திருக்கிறார். எதிராளியின் சின்னத்தையும் அவரே அழுத்துகிறார். ‘பீப்’! எண்ணிக் காட்டினோம், கணக்கு சரி. பிறகு அத்தனையையும் அழித்தோம். மொத்தம் 0. அந்தப் பூஜ்யத்தைப் பார்க்க எத்தனை கழுத்துகள் நீண்டன! பச்சைத் தாள் சீலில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அட்டை மறைப்புதான். மேஜைமேல் மடக்கி நிறுத்துகிற சாதாரண அட்டை. ஜன்னல் வழியாக யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று மூன்று தடவை இடம் மாற்றினோம்.

இந்த அட்டையின் அருமை தெரிய, அது இல்லாத காலத்துக்குப் போக வேண்டும். அமெரிக்கா பிறப்பதற்கு முன்பே வர்ஜீனியாவில் தேர்தல் உண்டு. ஆனால் அட்டை கிடையாது! ஊரார் முன்னால் வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எழுத்தர் குறித்துக்கொள்வார். 1758இல் ஜார்ஜ் வாஷிங்டன் அங்கே ஜெயித்தபோது அவர் ஆட்கள் சுமார் 160 காலன் மதுவகைகளை வாக்காளர்களுக்கு ஊற்றினார்கள். யார் யாருக்குப் போட்டார் என்ற பட்டியலும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கடன் கொடுத்தவர் பக்கத்தில் நிற்கும்போது ஓர் ஏழை விவசாயி என்ன பெயரைத்தான் சொல்லியிருப்பார்? ரகசிய வாக்குச்சீட்டு 1856இல் ஆஸ்திரேலியாவில் வந்தது. அமெரிக்க மாநிலங்கள் அதை எடுத்துக்கொள்ளத் தொடங்கியதே 1888இல்தான். நாமோ 1952இல் முடிந்த முதல் பொதுத்தேர்தலிலேயே மறைப்புக்குள் போய்த்தான் ஓட்டுப் போட்டோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம்.

மணி ஏழு. முதல் ஆளாக ஒரு பாட்டி. இடது ஆள்காட்டி விரலில் மை வைத்தோம். அட்டைக்குப் பின்னால் போனார். ‘பீப்’. வெளியே வந்தவர் என் காதருகே குனிந்தார்.

“ஏங்க டீச்சர், யாருக்குப் போட்டேன்னு சொல்லணுங்களா?”

“வேண்டாம் பாட்டி. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்.”

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, ஏஜென்ட்டுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே நடந்தார்.