றேடியேற்றர் திருகி தானே முடிவெடுக்கிறது

டென்மார்க்கில் குளிர்காலம் தொடங்கினால் எம்மவர் வீடுகளில் ஒரு வாக்குவாதமும் தொடங்கிவிடும். பிள்ளைக்குக் குளிரும் என்று ஒருவர் றேடியேற்றரை 5 இற்குத் திருப்புவார். பில்லை நினைத்து மற்றவர் அடியோடு மூடுவார். இந்த இழுபறியில் அந்தத் திருகிக்குத் தன் வேலையைச் செய்ய இடமே கிடைப்பதில்லை.

அது வெறும் தண்ணீர்த் திருகி அல்ல. உள்ளே சூட்டுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும் பொருள் அடைத்த ஒரு சிறு குப்பி இருக்கிறது. அறை சூடேறினால் அது விரிந்து, ஊசியைத் தள்ளி, சுடுநீரின் வழியை அடைக்கும். குளிர்ந்தால் திறந்துவிடும். மின்சாரமும் வேண்டாம், மேற்பார்வையாளரும் வேண்டாம். அல்ஸ் தீவில் மாட்ஸ் கிளவுசன் 1933 இல் தொடங்கிய டன்பொஸ் நிறுவனம் இதை 1943 இல் உருவாக்கியது. 3 என்றால் ஏறத்தாழ 20 பாகை. 5 இல் விட்டால் அறை கெதியாகச் சூடாகிவிடாது. 20 பாகையைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

திருகிக்கு முன்னால் சோபாவையோ தடித்த திரையையோ போட்டால் அதற்குக் கண்ணைக் கட்டியதுபோல. திரைக்குள் தேங்கிய சூட்டை அறையின் சூடென்று எண்ணி மூடிக்கொள்ளும். இன்னொன்று: றேடியேற்றரின் அடிப்பாகம் குளிர்ந்திருந்தால் பழுதென்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது நல்ல அறிகுறி. தண்ணீர் தன் சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. திரும்பும் நீர் போதியளவு குளிராவிட்டால் மேலதிகப் பணம் அறவிடும் வெப்பநீர் நிலையங்களும் உண்டு.

ஒரு வீட்டில் ஐந்து றேடியேற்றர் இருந்தால் அந்த ஐந்து திருகிகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. குசினியில் அடுப்பு எரியும்போது அங்குள்ளது தானே மூடும். வெயில் விழும் அறையில் உள்ளதும் அப்படியே. மிஞ்சும் சுடுநீர் குளிரான அறைக்குப் போகும். கட்டளையிட ஒருவரும் இல்லை, ஆனால் வீடு ஒழுங்காகிவிடுகிறது.

இதே எண்ணத்தை மின்சாரத்துக்கும் கொண்டுவர முயல்கிறார்கள். எங்கள் சுவர்ச் செருகியில் வரும் மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைகிறது. உற்பத்தியைவிடப் பாவனை கூடினால் அந்த எண் இறங்கும். 2006 நவம்பர் 4 இரவு ஜேர்மனியில் ஒரு கப்பல் கடந்துபோவதற்காக உயரழுத்தக் கம்பிகளை நிறுத்தியபோது மேற்கு ஐரோப்பாவில் அது ஏறத்தாழ 49 இற்கு இறங்கியது. கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருளில் இருந்தார்கள். இந்த எண்ணை எந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் தானே அளந்து, சில நிமிடங்கள் ஓய்ந்திருக்க முடியும். உள்ளே பால் கெடாது. பல இலட்சம் பெட்டிகள் அப்படிச் செய்தால் அதுவே பெரிய உதவி.

போண்ஹோம் தீவில் 2011 முதல் 2015 வரை வேறொரு பரிசோதனை நடந்தது. ஏறத்தாழ 2000 வீடுகள் அதில் சேர்ந்தன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் விலையை அனுப்பி, வீட்டு வெப்பமூட்டிகள் தாமே கூட்டிக் குறைக்கின்றனவா என்று பார்த்தார்கள்.

இப்போது விலைச் செய்தி எல்லோருக்கும் வந்துவிட்டது. பல இடங்களில் மின்கம்பிக் கட்டணம் குளிர்காலத்தில் மாலை 17 முதல் 21 மணிவரை மிக உச்சம். தொழிற்சாலையால் வந்து எம்மவர் உலை வைப்பதும் அந்த நேரம்தான்! உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தை இரவுக்குத் தள்ளலாம். பிள்ளையின் சாப்பாட்டைத் தள்ளமுடியுமா? மின்காரும் வெப்பப் பம்பும் வைத்திருப்பவர் மலிவான நேரத்துக்குக் காத்திருந்து இலாபம் எடுப்பார். வாடகை மாடிவீட்டில் இருப்பவரிடம் காத்திருக்கக்கூடிய இயந்திரம் எத்தனை? தானியங்கும் எந்தக் கருவியைப் பூட்டினாலும் அதை நிறுத்தும் உரிமை வீட்டில் இருப்பவர் கையிலேயே இருக்கவேண்டும், மிச்சமாகும் பணமும் அவருக்கே வரவேண்டும் என்பதே எமது கருத்து.

பொது வாடகை வீடுகளில் பழைய திருகிகளை மாற்றுவதா, புதிய கட்டுப்பாட்டுக் கருவி பூட்டுவதா என்ற கேள்விகளும் செலவுக் கணக்கும் குடியிருப்பாளர் கூட்டத்துக்கு வரும். மொழி விளங்காது என்று அந்த அழைப்புக் கடிதத்தைப் பலர் பழைய பத்திரிகைகளோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. டெனிஷ் நன்றாகத் தெரிந்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம்.