குதிரைக்கு வைட்டமின் மருந்து வேண்டுமா?

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே பழையகாயல் என்னும் சிற்றூர் உள்ளது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் காயல், பாண்டிய நாட்டின் பெருந்துறைமுகம். அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக இங்கு வந்திறங்கின. ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியுள்ளார். இவ்வாறு வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்தன என்கிறார், 1290-களில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ. சரியான பராமரிப்பு இல்லை. இறைச்சியும் சோறும் கலந்து ஊட்டினார்களாம்!

இதில் என்ன தவறு? குதிரை, புல் தின்னும் பிராணி. அதன் குருட்டுக்குடல் மட்டும் சுமார் 30 லிட்டர் கொள்ளும். அங்கும் பெருங்குடலிலும் வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. பி தொகுதி வைட்டமின்களையும் கே வைட்டமினையும் ஆக்கித் தருகின்றன. மாவுப்பொருள் அளவு மீறிப் போய்ச் சேர்ந்தால் அங்கே அமிலம் பெருகும், நுண்ணுயிர்கள் அழியும், கடும் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரும்.

நம்மால் இயலாத ஒன்றையும் குதிரை செய்கிறது. வைட்டமின் சி-யைத் தன் ஈரலிலேயே குளுக்கோசிலிருந்து தயாரித்துக்கொள்கிறது!

எஞ்சியவை ஏ, டி, இ. வெயிலில் உலர்த்திய புல்லில் புறஊதாக் கதிர்களால் டி உண்டாகிறது. ஏ-யும் இ-யும் பசும்புல்லிலிருந்து வரவேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள்தோறும் சுமார் 15,000 அலகு ஏ தேவை. ஒரு மில்லிகிராம் கரோட்டின் குதிரையின் உடலில் 400 அலகு தரும். கணக்கிட்டுப் பாருங்கள்: சுமார் 38 மில்லிகிராம் கரோட்டின் போதும். சில கிலோ பசும்புல்லிலேயே அது கிடைத்துவிடும்.

ஆனால் வைக்கோலும், நெல்லைச் சீமையில் காணம் எனப்படும் கொள்ளும் மட்டுமே தின்று லாயத்தில் நிற்கும் குதிரைக்கு இவ்விரண்டும் போதா. ஈரலில் சேர்ந்த ஏ சில மாதங்களில் தீர்ந்தபின் மாலைக்கண் வரலாம். இ குறைந்தால் தசையும் நரம்பும் நலியும். இத்தகைய குதிரைக்கே மருந்து உதவும்.

'சத்துதானே, கூடுதலாக இருக்கட்டும்' என்று ஊற்றுவது ஆபத்து. மிகுந்த ஏ எலும்பைக் கெடுக்கும். மிகுந்த டி, இதயத்திலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பைப் படியவைக்கும்.

ஆகவே, குதிரை வளர்ப்போர் மருந்துப் புட்டியை வாங்குமுன் தீவனத் தொட்டியைப் பார்க்கவேண்டும். கால்நடை மருத்துவரையும் கேட்கவேண்டும். வாய்க்கால் கரையில் தழைத்திருக்கும் அறுகம்புல், பெரும்பாலும் அந்தச் செலவை மிச்சப்படுத்திவிடும்.