லுபெரோன் மலையடிவாரத்தில் அமைதியான சைக்கிள் பாதைகள்

புரொவன்ஸ் என்றதும் எம்மவருக்கு மார்செய் துறைமுகமும் நீஸ் கடற்கரையுமே நினைவுக்கு வருகின்றன. மார்செய்க்கு வடக்கே, அவிஞ்ஞோன் நகருக்குத் தென்கிழக்கே, மேற்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 60 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் லுபெரோன் மலைத்தொடரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. மத்தியதரைக் கடலோரத்து வெயிலும் அல்ப்ஸ் மலைப்பக்கத்துக் குளிரும் சந்திக்கும் நிலம் அது. அங்கு சைக்கிளிற் செல்வோருக்கு ஏற்ற அமைதியான பாதைகளை எமது வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிள்ளைகளுடன் அப்பாதைகளில் நாமும் ஏன் செல்ல வேண்டும் என்பதையும் கூறுவோம்.

வேலியில்லாத பூங்கா

இயற்கைப் பூங்கா என்றதும் வேலியும் வாயிலும் நுழைவுச்சீட்டும் கொண்ட இடமொன்றை எண்ணிவிடலாகாது. 1977ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட லுபெரோன் பிராந்திய இயற்கைப் பூங்கா ஏறத்தாழ 185,000 ஹெக்டேயர் பரப்புடையது. எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் அதனுள் அடங்கியுள்ளன. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள் அங்கே வாழ்கின்றனர். திராட்சையும் செரியும் ஒலிவும் பயிரிடுகின்றனர். மக்களின் தொழிலையும் நிலத்தின் இயல்பையும் ஒருசேரக் காப்பதே இத்தகைய பூங்காக்களின் கொள்கை. 1997இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பகுதியை உயிர்க்கோளக் காப்பிடமாக ஏற்றுக்கொண்டது.

மக்கள் வாழும் நிலமாகையால் ஊருக்கு ஊர் செல்லும் பழைய சிறு வீதிகள் இன்றும் கெடாமல் உள்ளன. மோட்டார் வாகனங்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்கின் பெருவீதியையே நாடுகின்றன. தோட்டங்களுக்கு நடுவே வளைந்து செல்லும் சிறு வீதிகளில் உழவு இயந்திரமொன்றோ தபாற்காரரின் வண்டியோ எப்போதாவது எதிர்ப்படும். சைக்கிளிற் செல்பவருக்கு வேண்டிய அமைதி அங்கே கிடைக்கின்றது.

தண்டவாளம் கிடந்த பாதை

முதற் பயணத்துக்கு நாம் பரிந்துரைப்பது கலவோன் பள்ளத்தாக்குப் பாதையையே. மலைத்தொடரின் வடபுறத்தில் ஓடும் கலவோன் ஆற்றையொட்டி முன்னொரு காலத்தில் புகையிரதப் பாதை ஒன்று இருந்தது. அது கைவிடப்பட்ட பின்னர், தண்டவாளம் கிடந்த தடத்தின் மீது ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளமான சைக்கிள் பாதை அமைக்கப்பட்டது. இதன் பெரும்பகுதியில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லை.

புகையிரதத்தால் செங்குத்தான ஏற்றங்களில் ஏற இயலாது. ஆகவே அதற்கென வெட்டப்பட்ட தடம் எங்கும் மெல்லிய சரிவாகவே இருக்கும். மலைநாட்டினூடே சென்றாலும் மூச்சிரைக்க மிதிக்க வேண்டிய தேவையில்லை. எட்டு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுத் தாயும் ஒன்றாகச் செல்லக்கூடிய பாதை இது.

மெலன் பழத்துக்குப் பெயர்பெற்ற கவாயோன் நகர்ப் பக்கத்திலிருந்து புறப்பட்டால், கூஸ்தலே என்னும் சிற்றூரைக் கடந்து, சீனிப்பாகிற் பதப்படுத்திய பழங்களுக்குப் பெயர்பெற்ற ஆப்ட் நகரை அடையலாம். இத்தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். சிறுவர்களுடன் செல்வோர் ஆப்ட் நகரிலிருந்து மேற்கு நோக்கி ஜூலியான் பாலம் வரை சென்று திரும்பினால் போதுமானது. ஒரு வழிக்கு எட்டு, ஒன்பது கிலோமீற்றருக்குள் அமையும். சனிக்கிழமைகளில் ஆப்ட் நகரிற் பெருஞ்சந்தை கூடுவதால் காலையிற் சந்தையும் மாலையிற் பாதையுமாக அந்த நாளை வகுத்துக்கொள்ளலாம்.

ஜூலியான் பாலம் கி.மு. 3ஆம் ஆண்டளவில் உரோமர் கட்டியது. இத்தாலியையும் ஸ்பெயினையும் இணைத்த தொமீசியப் பெருவீதி ஆற்றைக் கடப்பதற்கு மூன்று வளைவுகளுடன் இதனை அமைத்தனர். வெள்ளம் பெருகும்போது நீர் மோதிப் பாலத்தைச் சாய்த்துவிடாதிருக்க, தூண்களின் நடுவே நீர் புகுந்து செல்லும் வாயில்களையும் விட்டனர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் வண்டிகளைச் சுமந்த இப்பாலத்தின் மீது மோட்டார் வாகனங்களும் ஓடின. 2005இல் அருகே புதிய பாலம் கட்டப்பட்ட பின்னரே அதற்கு ஓய்வு கிடைத்தது. இப்போது பாதசாரிகளும் சைக்கிளிற் செல்வோருமே அதன்மீது செல்கின்றனர்.

மலையைச் சுற்றும் பாதை

உடல் வலுவும் சில நாள் விடுமுறையும் உள்ள இளைஞருக்கு மற்றொரு பாதை உண்டு. சிறு வீதிகளை இணைத்து லுபெரோன் மலையை முழுமையாகச் சுற்றிவரும் இப்பாதையின் நீளம் 230 கிலோமீற்றருக்கு மேல். கவாயோன், ஆப்ட், போர்கல்கியே, மனோஸ்க், லூர்மரான் ஆகிய ஊர்களை அது இணைக்கின்றது. வழிகாட்டிப் பலகைகள் இரு திசைகளுக்கும் இரு நிறங்களில் உள்ளன. கவாயோனிலிருந்து போர்கல்கியே நோக்கிச் செல்வோர் வெள்ளைப் பலகைகளையும், எதிர்த்திசையில் வருவோர் காவிநிறப் பலகைகளையும் பின்பற்ற வேண்டும். நான்கைந்து நாட்களாகப் பிரித்துச் சென்றால் களைப்பின்றிச் சுற்றி முடிக்கலாம்.

காவிநிறம் அந்த மண்ணுக்கே உரியது. ரூசியோன், ருஸ்ட்ரெல் ஆகிய ஊர்களில் மண் மஞ்சளாகவும் சிவப்பாகவும் தெரியும். அம்மண்ணைக் கழுவிச் சாயம் எடுப்பது அங்கு பெருந்தொழிலாக இருந்தது. வழியில் தென்படும் ஒலிவ மரங்களை உற்றுப் பார்த்தால், பல மரங்களில் ஒரே அடியிலிருந்து மூன்று, நான்கு தண்டுகள் எழுந்திருப்பதை அவதானிக்கலாம். 1956 பெப்ரவரியில் வந்த கடும் உறைபனியில் புரொவன்சின் ஒலிவ மரங்களிற் பெரும்பாலானவை பட்டுப்போயின. விவசாயிகள் தண்டை அடியோடு வெட்டினர், வேர் உயிரோடிருந்தது. இன்று நாம் காணும் தண்டுகள் அவ்வேர்களிலிருந்து தழைத்தவை.

போனியூ என்னும் மலையூருக்கு மேலே தேவதாருக் காடொன்று உண்டு. 1860களில் அல்ஜீரியாவின் அட்லஸ் மலையிலிருந்து கொண்டுவரப்பட்ட விதைகளால் உருவானது அக்காடு. அங்கும் மோட்டார் வாகனங்கள் செல்லாத வீதியொன்று மலைமுகட்டின் வழியே போகின்றது. மலையின் தென்புறத்தில் உள்ள லூர்மரான் ஊரின் இடுகாட்டில், அதே அல்ஜீரியாவிற் பிறந்த எழுத்தாளர் அல்பேர் கமுய் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். 1957இல் நோபல் பரிசு பெற்ற அவர், அடுத்த ஆண்டில் அவ்வூரில் வீடு வாங்கினார்; 1960 ஜனவரியில் வீதி விபத்தில் உயிரிழந்தார். அவரது கல்லறை பெயரும் ஆண்டுகளும் பொறித்த எளிய கல் மட்டுமே.

மெரின்டோல் சொல்லும் செய்தி

லூர்மரானிலிருந்து மேற்கே செல்லும் வீதி மெரின்டோல் என்னும் ஊரை அடைகின்றது. எமது வாசகர்கள் அவசியம் நிற்க வேண்டிய இடம் இது.

பதினைந்தாம் நூற்றாண்டில் போராலும் கொள்ளைநோயாலும் லுபெரோனின் பல ஊர்கள் வெறிச்சோடிக் கிடந்தன. நிலப்பிரபுக்கள் அல்ப்ஸ் பள்ளத்தாக்குகளிலிருந்து உழவர்களை அழைத்துக் குடியேற்றினர். வந்தவர்களிற் பெரும்பாலோர் வொதுவா என அழைக்கப்பட்ட கிறிஸ்தவ மக்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகர வணிகர் ஒருவர் தொடக்கிய சமயப் பிரிவைச் சேர்ந்த அவர்களைத் திருச்சபை ஏற்கவில்லை. அவர்கள் பாழ்நிலத்தைத் திருத்திப் பயிரிட்டனர். ஊர்கள் மீண்டும் உயிர்பெற்றன.

1540 நவம்பரில் ஏய்க்ஸ் நகர நீதிமன்றம் மெரின்டோல் ஊரை அழிக்குமாறு தீர்ப்பளித்தது. சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்ட அத்தீர்ப்பு 1545 ஏப்ரலில் நிறைவேற்றப்பட்டது. மெரின்டோலுடன் சுற்றுவட்டாரத்து ஊர்கள் பலவும் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர், நூற்றுக்கணக்கான ஆண்கள் அரசனின் கப்பல்களில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாக்கப்பட்டனர். தப்பியோர் மலைக்காடுகளில் ஒளிந்தனர். பலர் ஜெனீவாவுக்கு அகதிகளாகச் சென்றனர். 1551இல் பாரிஸ் நகரில் விசாரணை நடைபெற்றது. படையை நடத்திய ஒப்பேத் பிரபு விடுதலை செய்யப்பட்டார்.

பழைய ஊரின் இடிபாடுகள் குன்றின் மேல் இன்றும் உள்ளன. உச்சியில் நினைவுக்கல் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. தப்பியோரிற் சிலர் பின்னர் திரும்பி வந்தனர். மெரின்டோலிலும் லூர்மரானிலும் இன்றுமுள்ள புரட்டஸ்தாந்து ஆலயங்கள் அவர்களின் வழி வந்தவை. சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை மேலே அழைத்துச் சென்று இக்கதையைச் சொல்லுங்கள். 'அகதி' என்ற சொல் தம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் அங்கே அறிந்துகொள்வர்.

செல்ல விரும்புவோர் கவனத்துக்கு

பாரிஸ் லியோன் நிலையத்திலிருந்து அவிஞ்ஞோனுக்குக் கடுகதிப் புகையிரதத்தில் மூன்று மணித்தியாலத்துக்குள் செல்லலாம். அங்கிருந்து பிராந்தியப் புகையிரதம் கவாயோனுக்குச் செல்கின்றது. இடமிருப்பின் அதில் சைக்கிளையும் ஏற்றலாம். சைக்கிள் வாடகைக்குத் தரும் கடைகள் அப்பகுதியில் உண்டு. மின்கலத்தால் இயங்கும் சைக்கிளும் கிடைப்பதால் முழங்கால் நோவுள்ளோர் அஞ்ச வேண்டியதில்லை.

பாடசாலை விடுமுறை வரும் ஏப்ரல் மாதமும் ஒக்டோபர் இறுதியும் உகந்த காலங்கள். லவண்டர் பூக்களைக் காண விரும்புவோர் ஜூன் பிற்பகுதியிலோ ஜூலை முற்பகுதியிலோ செல்லலாம். கோடையிற் காட்டுத்தீ அபாயம் இருப்பதால் சில நாட்களிற் காட்டுப் பகுதிகள் மூடப்படும். மாவட்ட நிருவாகத்தின் அன்றைய அறிவித்தலைப் பார்த்த பின்னரே மலைக்குச் செல்ல வேண்டும். மிஸ்ட்ரால் எனப்படும் வடகாற்று வீசும் நாட்களில் பயணத்தைத் தள்ளிவைப்பதே நன்று. தண்ணீரை வழியிற் பெறலாம் என்று நம்பிப் புறப்பட வேண்டாம்.

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது 2017 முதல் பிரான்சின் சட்டம். பின்னால் அமர்ந்து செல்லும் குழந்தைக்கும் இது பொருந்தும். மீறினால் உடன்வரும் பெரியவருக்கு அபராதம் உண்டு. ஊருக்கு வெளியே இரவிற் செல்வோர் ஒளிதெறிக்கும் மேலங்கி அணிய வேண்டும். முன்னும் பின்னும் விளக்கு, மணி ஆகியனவும் அவசியம்.

எமக்கு அந்நியமான வண்டியன்று

தொண்ணூறுகளில் எரிபொருள் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கர வண்டியே அனைத்துமாக இருந்தது. விறகும் அரிசியும் நோயாளியும் அதிலேயே சென்றனர். இடம்பெயர்ந்தபோது வீட்டுப் பொருட்களையும் அதிலேயே ஏற்றினோம். பாடசாலைக்கு மைல் கணக்கில் மிதித்துச் சென்ற பெண்பிள்ளைகள் இன்று இங்கே தாய்மாராக உள்ளனர். அவர்களிற் பலர் இந்நாட்டுக்கு வந்தபின் ஒருநாளேனும் சைக்கிளைத் தொட்டதில்லை. வேலை, வீடு, லா சப்பல் கடைகள், ஞாயிற்றுக்கிழமை மண்டபம் என்று ஆண்டுகள் கழிகின்றன. இந்நாட்டின் மலையும் ஆறும் வேறு யாருக்கோ உரியவை என்று நாமே எண்ணி ஒதுங்கிவிட்டோம்.

அவ்வாறு ஒதுங்கத் தேவையில்லை. எமது உழைப்பிலிருந்து செல்லும் வரியும் இப்பாதைகளைப் பேணுகின்றது. பிள்ளைகள் நண்பர்களுடன் தனியே சென்று வரட்டும் என்று விட்டுவிடாமல் நாமும் அவர்களுடன் செல்வோம். முதல் ஒரு கிலோமீற்றர் சற்றுத் தடுமாறலாம். பழகிய கால்கள் அதன்பின் தாமே மிதிக்கும். வரும் விடுமுறையில் ஒரு நாளையாவது இதற்கென ஒதுக்குமாறு எமது வாசகர்களை அன்புடன் கேட்டுக்கொள்கின்றோம்.