தேடிப் போக வேண்டியது அரசு

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம்; இரண்டின் ஊடையையும் வரிக்கு வரி கோத்துக்கொண்டே போக வேண்டும். தனி ஆளால் ஆகாது. நெசவாளர் தறியில் இருக்க, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை எறிந்து கொடுப்பார். பல காலம் அந்த இன்னொருவர் பள்ளிக்குப் போக வேண்டிய வயதுப் பிள்ளை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அடுத்த வீட்டுத் தறியில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை அந்தப் பிள்ளை அங்கேதான். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார்கள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

கொடுத்தவரும் வாங்கியவரும் மனமொத்துச் செய்துகொண்ட ஏற்பாடு, இதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1982-லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் கட்டட வேலை செய்த தொழிலாளர்களின் வழக்கு அது. கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தனியாரையும் கட்டுப்படுத்தும். பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் செய்யவைக்கும் வேலையும் கட்டாய வேலைதான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பும் அதில் சேரும். தனியார் மீறினால் தடுக்க வேண்டியது அரசு. நீதிபதி பி.என்.பகவதியின் தீர்ப்பு இது. அமுதசுரபியோடு வந்த மணிமேகலை பஞ்சத்தில் பசி தீர்த்ததாகச் சாத்தனார் பாடியது இதே காஞ்சியைத்தான். பசித்தவரின் சம்மதத்தைச் சம்மதமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அடிமைப்படுத்திய கடன் அந்தச் சட்டத்தின்படி செத்த கடன். அது அப்படிப்பட்ட கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். எங்கே கொத்தடிமை முறை இருக்கிறது என்று விசாரித்து ஒழிக்கும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துடையது. புகார் வரட்டும் என்று காத்திருக்க அதில் இடமே இல்லை. அடைபட்டுக் கிடப்பவர் ஆட்சியர் அலுவலகத்துக்கு எப்படி நடந்து வருவார்?

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடெங்கும் பரவியது. பலர் நெகிழ்ந்தார்கள். எனக்கு அந்தப் படம் கோபத்தையே தந்தது, அந்த அதிகாரிமீது அல்ல. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டப்படி தனக்குச் சொந்தமான விடுதலையை ஒரு முதியவர் வரமாகப் பெற்றுக்கொள்ள நேர்ந்ததே!

மீட்பதோடும் கடமை முடிவதில்லை. 2016-ல் மாற்றியமைத்த மறுவாழ்வுத் திட்டம் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. ஆனால் முழுத் தொகையை, முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டது. வழக்கு இழுத்தால் விடுபட்டவர் மறுபடி முன்பணம் வாங்கத்தான் போவார். இது மாற வேண்டும்.

அதே 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்கிறது. வீட்டுக்குள் தறி இருக்கும் ஊரில் உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்று எந்த ஆய்வாளர் பார்ப்பார்? கரை நாடா எறியப் பெரியவர் ஒருவரை வைத்துக் கூலி கொடுக்கும் அளவுக்கு நெசவாளருக்கு வருமானம் இருந்தால் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. கூட்டுறவுச் சங்கங்கள் கைத்தறித் துறையின் மேற்பார்வையில்தான் இருக்கின்றன. ஒரு சேலைக்குக் கூலி நிர்ணயிக்கும்போது இரண்டு பேரின் உழைப்பைக் கணக்கிட அந்தத் துறைக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.