குழாய்ச் சிகிச்சைக்குப் பின் வருஞ் சுரம்

இருதயம் தாளந் தவறித் துடிக்கும் நோய்க்கு, மருந்து பயன்படாதவிடத்துச் செய்யப்படும் குழாய்ச் சிகிச்சையைப் பற்றி நம்மவர் பலர் கேள்வியுற்றிருப்பர். தொடையடியிலுள்ள நாளத்தின் வழியே மெல்லிய கதீட்டர்க் குழாயை இருதயத்துட் செலுத்தி, தாளத்தைக் கெடுக்கும் மின்னோட்டம் பிறக்கும் இடத்தையோ செல்லும் வழியையோ சுட்டுத் தழும்பாக்குவதே அதன் முறை. உப்பளத்துப் பாத்திக்கு வரப்பிட்டு நீரை மறிப்பதுபோல, அத்தழும்பு மின்னோட்டத்தை மறிக்கும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வலிய மின்னதிர்ச்சியைக் கொண்டு இது தொடங்கிற்று. பின்னர் வானொலி அலைகளின் வெப்பம் அதன் இடத்தைப் பெற்றது. மேலறைகள் நடுங்கும் நோயின் வித்துப் பெரும்பாலும் நுரையீரற் சிரைகளிலே உள்ளதென்று பிரான்சு தேசத்துப் போர்தோ நகரத்து ஹைசகேர் என்பாரும் அவர் கூட்டத்தாரும் 1998-இல் காட்டியபின், அச்சிரைகளின் வாயைச் சுற்றிச் சுடுதல் வழக்கமாயிற்று.

இதனால் விளையுந் தீங்குகளுட் பல உடனே தோன்றுவன: தொடையில் இரத்தங் கட்டுதல், இருதயச் சுவர் துளைபட்டு அதன் உறையுள் இரத்தம் நிரம்புதல், பக்கவாதம். முதலாவதே மிகுதி, மற்றவை நூற்றுவருள் ஒருவர்க்கோ, அதனினுங் குறைந்தோர்க்கோ நேர்வன. வைத்தியர் கண்முன்னே நிகழ்வதாற் பரிகாரமும் விரைந்து கிட்டும்.

யான் அஞ்சுவது பிறிதொன்று. இடப்புற மேலறையின் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழல் இறங்குகின்றது; இடைவெளி சில மில்லிமீட்டரே. வெப்பம் அதனையும் புண்ணாக்குமாயின், அப்புண் மெல்ல அரித்து, இரண்டு மூன்று வாரங் கழித்து இரண்டற்கும் நடுவே துளை உண்டாகலாம். ஆயிரவருள் ஒருவர்க்கும் நேராத அரிய விபத்துத்தான். ஆயினும் விரைந்து அறுவை செய்யாவிடின் உயிர் தங்குதல் அரிது.

அந்நாளில் நோயாளி எங்கிருப்பார்? சென்னையிற் சிகிச்சை பெற்ற கடப்பாக்கத்தார் ஒருவர், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருப்பார். குளிர்சுரம் வரும், விழுங்குங்கால் நோகும், சிலர்க்கு ஒரு கை திடீரெனத் தளரும். டைபாய்டோ டெங்குவோ என்று எண்ணுதல் இயல்பு. தொடையின் ஊசித்துளை ஆறிவிட்டபின், பழைய சிகிச்சையை யார் நினைப்பார்? அதனினுங் கொடியது, விழுங்க நோகின்றதென்று எண்டாஸ்கோப்புக் கருவியை உள்ளே விடுதல். அதன்வழிச் செலுத்துங் காற்று, துளையூடே இருதயத்துட் புகுந்து மூளைக்கு ஏறிவிடக்கூடும். செய்யத்தக்கது யாதெனின், மார்பை சி.டி. படமெடுத்தலும், சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு அன்றே தெரிவித்தலுமாம். அங்கே கொடுத்த சீட்டை எந்த வைத்தியரிடஞ் சென்றாலும் முதலிற் காட்டுக.

2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற துடிப்பு மின்புல முறை வெப்பத்தை நம்பாதது. ஆதலின் உணவுக்குழலுக்கு அதனால் வருங் கேடு மிகக் குறைவு.

இன்னுமொன்று. இரத்தம் உறையாமைக்கு அளிக்கும் மாத்திரையை, சுகமாயிற்றே என்று தாமாக நிறுத்துவோர் உளர். அதனைக் குறைந்தது இரண்டு திங்களேனும் உண்ணல் வேண்டும். முதற் சில வாரங்களில் தாளம் மீண்டுந் தவறினால் சிகிச்சை தோற்றதென்று கொள்ளவேண்டா. தழும்பு ஆறுங் காலத்தில் அவ்வாறு நிகழ்வதுண்டு.